வரப்பு அறியாத வாசனை

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு,



டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சுதான் இந்த மடலை எழுத வைத்தது. "வாளி வச்சதுக்கு அப்புறந்தான் வண்டு கூடுதலா வருது. கடைக்காரன் ஏமாத்திப்புட்டான்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. வாசனையால் வண்டை இழுத்துப் பிடிக்கும் வாளிப்பொறி வைத்த தோப்பில், தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டின் தாக்குதல் சில சமயம் கூடத்தான் செய்கிறது. கடைக்காரரும் ஏமாற்றவில்லை. வண்டைக் கூப்பிடும் என்று சொல்லி விற்றார், அது கூப்பிடுகிறது. கூப்பிட்ட குரல் எவ்வளவு தூரம் போகும், யார் யார் வருவார்கள், வந்தவர்கள் வாளிக்குள் விழாவிட்டால் எங்கே போவார்கள் என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

நானும் தோப்பு வைத்திருப்பவன். வேலையில் இருந்த காலத்தில் விலங்கியல் பாடம் நடத்தியவன். அந்த இரண்டு உரிமையிலும் ஒன்று கேட்கப்போகிறேன். வாளி வைப்பதென்றால் ஊரோடு சேர்ந்து வைப்போம். தனியாளாக, அரைகுறையாக வைக்கும் வாளி வைக்காததைவிடக் கெடுதல் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல, பூச்சிகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரான்சில் செரிஞான் என்ற சிற்றூரில் ழான்-ஆன்றி ஃபாப்ர் என்றொருவர் இருந்தார். பூச்சிகளைக் கொன்று ஊசியில் குத்தி வைப்பதைவிட, உயிரோடு விட்டுப் பார்ப்பதில் ஆசை உள்ளவர். ஒருமுறை பெரிய அந்துப்பூச்சி இனம் ஒன்றின் பெண் அவர் வீட்டில் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அதைக் கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்தார். அன்று இரவே எங்கிருந்தோ நாற்பது ஆண் அந்துகள் வீட்டுக்குள் புகுந்துவிட்டன. அவ்வளவு இருட்டில், மரங்கள் சூழ்ந்த வீட்டை அவை எப்படிக் கண்டுபிடித்தன? இந்தக் கேள்வி அவரை ஆண்டுக்கணக்கில் விடவில்லை. பிறகு வேறோர் அந்து இனத்தை வைத்துச் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பெண் அந்தை மூடிய கண்ணாடிக் குடுவைக்குள், ஆண்கள் வரும் வழியிலேயே, கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி வைத்தார். அது முந்தின இரவு தங்கியிருந்த வெறுங்கூண்டை அறையின் இன்னொரு மூலைக்கு நகர்த்தினார். வந்த ஆண்கள் கண்ணெதிரே இருந்த பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலிக் கூண்டைப் போய் மொய்த்தன. அவை தேடி வந்தது பெண்ணின் உருவத்தை அல்ல, அவள் விட்டுச்சென்ற வாசனையை.

அந்த வாசனை என்ன பொருள் என்று கண்டுபிடிக்க 1959 வரை ஆனது. ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டநண்ட் பட்டுப்புழு அந்தை எடுத்துக்கொண்டார். அவரும் உடன் இருந்தவர்களும் ஏறக்குறைய 20 ஆண்டுகள், 5 லட்சம் பெண் அந்துகளின் வால்நுனிச் சுரப்பிகளை வெட்டியெடுத்து வடித்துச் சுத்திகரித்துப் பார்த்தார்கள். கிடைத்தது சில மில்லிகிராம். எந்தச் சொட்டில் சரக்கு இருக்கிறது என்பதை அறிய அவர்களிடம் இருந்த கருவி ஆண் பட்டு அந்துதான். சரியான சொட்டைக் காட்டினால் அது இறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றும், தவறான சொட்டுக்கு அசையாது. அந்தப் பொருளுக்குப் பாம்பிகால் என்று பெயரிட்டார்கள். ஓர் உயிர் வெளியே விட்டு, அதே இனத்து இன்னோர் உயிரின் நடத்தையை மாற்றும் இத்தகைய பொருள்களுக்கெல்லாம் ஃபெரோமோன் என்ற பொதுப்பெயர் வந்ததும் அதே 1959-இல்தான்.

இனி நம் தோப்புக்கு வருவோம். நெல்லில் தண்டுத்துளைப்பானுக்கும் மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கும் நீங்கள் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறி பட்டு அந்தின் வழியில் வேலை செய்வது. அதில் இருப்பது பெண்ணின் வாசனை, வந்து விழுவது ஆண். சிவப்புக் கூன்வண்டின் பழக்கம் வேறு. அங்கே கூப்பிடுவது ஆண். காயம்பட்ட தென்னையை ஓர் ஆண் வண்டு கண்டுபிடித்தால், அதைத் தின்றுகொண்டே ஒரு வாசனையை விடுகிறது. 'இங்கே மரம் இருக்கிறது, இங்கே இளகிய சோறு இருக்கிறது, வாருங்கள்' என்று ஊருக்கே சொல்வது அது. ஆணும் வருகிறது, பெண்ணும் வருகிறது. பெண்ணே அதிகம் வருகிறது. கூடிக்கூடிப் பல வண்டுகள் ஒரே மரத்தில் இறங்குவது இதனால்தான்.

அந்த வாசனையின் பொருளை 1993-இல் அடையாளம் கண்டார்கள். 4-மெத்தில்-5-நோனனால் என்று வேதியியலார் சொல்வார்கள், ஃபெருஜினியால் என்று சுருக்கமாகவும் அழைப்பார்கள். அதனுடன் இதே குடும்பத்துக் கீட்டோன் ஒன்றை ஒன்பதுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து விற்பதுதான் உங்கள் கையில் இருக்கும் லூர். ஓர் ஆண் வண்டு தன் உடம்பிலிருந்து விடுவது கண்ணுக்குத் தெரியாத துளியிலும் துளி. லூர் நாள்தோறும் காற்றில் விடுவதோ மில்லிகிராம் கணக்கு. ஆக, நீங்கள் கொண்டுவந்து வைத்தது ஒற்றை வண்டின் குரல் அல்ல, பெருங்கூட்டத்தின் குரல்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. பலர் லூரை மட்டும் மூடியில் கட்டித் தொங்கவிட்டு, வாளிக்குள் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். வாசனையைப் பிடித்துக்கொண்டு பறந்துவரும் வண்டு, கடைசி சில அடிகளில் மரத்தின் புளித்த சாறு வாசனையையும் தேடுகிறது. அது இல்லையென்றால் வாளிக்குள் இறங்கத் தயங்குகிறது. பத்திரிகை வைத்துக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பந்தி போடாமல் விட்டால், வந்தவர்கள் பக்கத்துத் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்றுதான் பார்ப்பார்கள். இங்கே பக்கத்துத் தெரு என்பது உங்கள் தென்னையும் உங்கள் பங்காளியின் தென்னையும். கரும்புத் துண்டு, அழுகும் நிலையில் உள்ள வாழைப்பழம், வெல்லக் கரைசலில் கொஞ்சம் ஈஸ்ட், எதுவானாலும் போடுங்கள். புளிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் கள் ஊற்றச் சொல்லியிருக்கும். மனிதனுக்கே கள் இறக்கத் தடை இருக்கும் மாநிலத்தில் வண்டுக்கு எங்கே போவது? பழமே போதும். வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ அதை மாற்றியாக வேண்டும். காய்ந்துபோன வாளி வெறும் அழைப்பு மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும். அதைப் போல ஆபத்து வேறில்லை.

இரண்டாவது தவறு இடம். வாளியைத் தென்னையிலேயே, அதிலும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இளங்கன்றில், பார்வைக்கு வசதியாகக் கட்டிவிடுகிறோம். அழைப்புக்கு வரும் வண்டில் எல்லாமே வாளிக்குள் விழுவதில்லை. கொஞ்சம் அருகிலேயே உட்காரும். அருகில் இருப்பது ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள்ளான மரம் என்றால் கேட்கவே வேண்டாம், அந்த வயது மரத்தைத்தான் அது மிகவும் விரும்புகிறது. வரும் பெண் வண்டுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே கூடிக் கருவுற்றவை. ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் 200 முட்டைக்கு மேல் இடக்கூடியது. அதைத் தோப்பின் நடுவுக்கு நாமே வழிகாட்டிக் கூட்டிவந்து விட்டுவிட்டு, பிறகு கடைக்காரரைத் திட்டுகிறோம்.

வாளி இருக்க வேண்டிய இடம் தோப்பின் ஓரம். தனிக் கம்பு நட்டோ, தென்னையல்லாத வேறு மரத்திலோ, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில், நிழலில். வெயில் நேராக விழுந்தால் லூர் சில வாரத்திலேயே தீர்ந்துபோகும். வாளியின் வெளிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் சாக்கு சுற்றுங்கள், வண்டு பிடித்து ஏற வேண்டும். கறுப்பு நிற வாளி வெள்ளையைவிட நன்றாகப் பிடிக்கிறது. எக்டேருக்கு ஒரு வாளி போதும் என்பது பொதுவான பரிந்துரை. நம் கணக்கில் ஒரு வேலி நிலத்துக்கு இரண்டு அல்லது மூன்று. அதற்கு மேல் நெருக்கினால் லாபம் இல்லை.

ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு ஒரு வேலி இருக்கிறது? பாகப்பிரிவினைக்குப் பின் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் தோப்புதான் அதிகம். ஏக்கருக்கு எழுபது மரம் என்றால் நூற்றைம்பது இருநூறு மரம். கூன்வண்டோ கிலோமீட்டர் கணக்கில் பறக்கக்கூடியது. வாசனை காற்றோடு போகும், காற்றுக்குப் பட்டா தெரியாது. உங்கள் இரண்டு ஏக்கரில் நீங்கள் வைக்கும் வாளி சுற்றியுள்ள இருபது தோப்பு வண்டையும் கூப்பிடுகிறது. சுற்றியுள்ளவர்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் வண்டு தீரவே தீராது, வந்துகொண்டே இருக்கும். இதுதான் "வாளி வச்சதுக்கு அப்புறம் கூடுதலா வருது" என்ற பேச்சின் உண்மை. ஊரே ஒரே வாரத்தில் வைத்தால் கதை மாறுகிறது. ஒவ்வொரு வாளியும் தன் பங்கை இழுக்கிறது, எந்தத் தோப்பும் மற்றவர் வண்டுக்குச் சத்திரமாவதில்லை. வந்து விழுவதில் பெண் அதிகம் என்பதால், ஒரு வண்டு பிடிபட்டால் அடுத்த தலைமுறையில் ஒரு கூட்டமே குறைகிறது.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் நம்மூரில் நிறையப் பேர். அங்கே பேரீச்சந்தோட்டங்களில் இதே வாளி இருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 1980-களில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த நம் தெற்காசியத் தென்னை வண்டுதான் இன்று அவர்களின் பேரீச்சைக்கு எமன். நடவுக்கன்றுகளோடு ஊர்விட்டு ஊர் பயணித்திருக்கிறது. அங்கே தனித்தனித் தோட்டக்காரராக அல்லாமல், பரந்த பரப்புக்கு மொத்தமாக வாளி வைத்துக் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள்.

கொஞ்சம் தோப்பை விட்டு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வாத்தியார் பழக்கம் போகாது.

இந்த வாசனைப் பேச்சு பூச்சிக்கு மட்டும் உரியதல்ல. பசு சினைப்பருவத்தில் இருக்கும்போது காளை அதன் மூத்திரத்தை முகர்ந்துவிட்டு, தலையை உயர்த்தி மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்பதை மாடு வளர்த்தவர் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் 'மாடு சிரிக்குது' என்பார்கள். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே மேலண்ணத்தில் இதற்கென்றே உள்ள தனி உறுப்புக்குச் செய்தியை அனுப்பும் வேலை அது. யானை இதையே துதிக்கை நுனியால் தொட்டு வாய்க்குள் வைத்துச் செய்கிறது. அமெரிக்காவின் ஒரிகனில் லோயிஸ் ராஸ்முசென் என்ற அம்மையார் ஆசிய யானைகளின் மூத்திரத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பெண் யானை கூடத் தயாராக இருப்பதை ஆணுக்குச் சொல்லும் பொருளை 1996-இல் வெளியிட்டார். வேதியியலார் வியந்துபோனார்கள். அது நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சி இனங்கள், பெரும்பாலும் அந்துகள், ஏற்கெனவே பயன்படுத்திவரும் அதே பொருள். ஐந்து டன் விலங்கும் அரைக் கிராம்கூட எடையில்லாத அந்தும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன. பின்னர் மதம் பிடித்த ஆண் யானையின் கன்னச்சுரப்பு நீரில் ஃப்ரண்டாலின் என்ற பொருள் இருப்பதும் தெரியவந்தது. அது மரப்பட்டை வண்டுகள் தம் கூட்டத்தைக் கூட்ட விடும் வாசனை.

அப்படியென்றால் அந்து ஏன் யானையிடம் போய் மயங்கி நிற்பதில்லை? ஒரு பொருளைத் தனியாக விடாமல் இரண்டு மூன்று பொருள்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து விடுவதால்தான் பெரும்பாலான அந்துகள் தம் இனத்தை மட்டும் அழைக்கின்றன. உங்கள் லூரில் அந்த ஒன்பதுக்கு ஒன்று ஏன் முக்கியம் என்பதும், பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்கினால் ஏன் வண்டு வருவதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

தேனீப்பெட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். தேனீ கொட்டும்போது 'எதிரி, எதிரி' என்று மற்றவற்றுக்குச் சொல்ல ஒரு வாசனையை விடுகிறது. அதன் முக்கியப் பொருள் வாழைப்பழ வாசனையுள்ளது. வாழைப்பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள் என்று தேனீ வளர்ப்பவர்கள் சொல்வது இதனால்தான். புகை போடுவது அந்த எச்சரிக்கை வாசனையை மழுங்கடிக்கிறது. எறும்பில் இன்னும் வேடிக்கை. செத்த எறும்பின் உடலில் உண்டாகும் ஒலியிக் அமிலத்தை உயிருள்ள எறும்பின் மேல் தடவினால், காலை உதைத்துக்கொண்டிருக்கும் அதையும் மற்றவை தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்டுவிடும். தன்னைத் துடைத்துச் சுத்தப்படுத்திக்கொள்ளும் வரை அது பிணம்தான். கண்ணை நம்பாமல் வாசனையை நம்பும் உலகில் ஏமாற்றுவது எளிது. அமெரிக்கக் கண்டங்களில் ஒரு சிலந்தி வலையே பின்னுவதில்லை. பெண் அந்தின் வாசனையை விட்டு, தேடிவரும் ஆணை ஒட்டும் உருண்டை கட்டிய ஒற்றை நூலை வீசிப் பிடிக்கிறது. நாம் வாளியில் செய்வதை அது நமக்கு வெகுகாலம் முன்பே செய்துவிட்டது. (ஆண்களுக்கான செண்ட் விளம்பரங்களில் 'ஃபெரோமோன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் காசைக் கரியாக்காதீர்கள். மனிதரில் அப்படியொரு பொருள் உறுதியாக நிறுவப்படவில்லை.)

தோப்புக்குத் திரும்புவோம். காண்டாமிருக வண்டைச் சொல்லாமல் கூன்வண்டைப் பேச முடியாது. குருத்தைக் குடைந்து, விரிந்த மட்டையை விசிறி போல் வெட்டுவது இந்தக் கறுப்பு வண்டு. அதன் ஆணும் கூட்டத்தைக் கூட்டும் வாசனையை விடுகிறது, ஆனால் பொருள் வேறு, லூரும் வேறு. ஒன்றின் லூருக்கு மற்றது வராது. இன்னொரு வேறுபாடும் உண்டு. காண்டாமிருக வண்டில் மரத்தைக் கெடுப்பது வளர்ந்த வண்டு, அதன் புழு எருக்குழியிலும் மக்கிய கட்டையிலும் கிடக்கிறது. கூன்வண்டில் மரத்தைக் கொல்வது உள்ளே இருக்கும் புழு. முன்னது போட்ட துளைதான் பின்னது நுழையும் வாசல்.

2018 நவம்பரில் கஜா புயல் நம் தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, வெட்டி அகற்ற ஆளும் காசும் இல்லாமல் மரங்கள் கிடந்த இடத்திலேயே மக்கின. மக்கும் தென்னங்கட்டை காண்டாமிருக வண்டுக்குத் தாய்வீடு. அன்று யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றும் வரப்பு ஓரத்தில் பாதி மக்கிய அடிமரம் கிடந்தால், அதை அப்புறப்படுத்தாமல் வாளி வைப்பதில் பொருளில்லை. எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், அதைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சை கிடைத்தால் எருவில் கலந்துவிடுங்கள். குருத்தின் உள்மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒன்றுக்கு இரண்டு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வைப்பது பழைய முறை, நல்ல முறை.

மரமும் இந்தப் பேச்சில் கலந்துகொள்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். பச்சை மட்டையை அடியோடு ஒட்டி வெட்டினால், அந்தக் காயத்திலிருந்து வரும் சாற்று வாசனை கூன்வண்டுக்கு நாம் எழுதும் கடிதம். பச்சை மட்டையை வெட்டாதிருப்பதே நல்லது. வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். மரம் ஏறுபவருக்கு அவசரம் இருக்கும், கூலி பேசும்போதே சொல்லிவிடுவது மேல்.

வாளியால் முடியாதது எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்டுக்குள் இருக்கும் புழுவுக்கு இந்த அழைப்பு கேட்காது. அடிமரத்தில் துளையும், பழுப்பு நிறச் சாறு வடிதலும், காதை வைத்தால் உள்ளே கறுமுறு என்று மெல்லும் சத்தமும் இருந்தால் அந்த மரத்துக்குத் தனி வைத்தியம் வேண்டும், வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள். கொண்டை சாய்ந்துவிட்ட மரத்தைக் காப்பாற்ற முடியாது. பார்க்க வயிறு எரியும், வளர்த்த மரம். ஆனாலும் வெட்டி, பிளந்து, உள்ளே இருக்கும் புழுவும் கூட்டுப்புழுவும் சாகும்படி எரித்தாக வேண்டும். அதை அப்படியே நிறுத்திவைத்தால், மூன்று நான்கு மாதத்தில் ஒரு தலைமுறை வண்டு அதிலிருந்து பறக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாய்க்கால் பாசனத்துக்குள் வரும் தோப்புக்காரர்கள் ஒருநாள் சாயங்காலம் உட்காருங்கள். வாளி எத்தனை, எந்தெந்த வரப்பில், எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள். லூரை மொத்தமாக ஒரே இடத்தில் வாங்கினால் விலையும் குறையும், சரக்கும் ஒன்றாக இருக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை லூர் மாற்ற வேண்டும், யார் காசு போடுவது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். வாரம் ஒருமுறை வாளியைக் கொட்டிக் கழுவிப் பழம் மாற்ற ஒருவருக்குக் கூலி பேசலாம், வேறு கூலி வேலைக்குப் போகாத பெரியவர் ஒருவருக்கு அது வருமானமும்கூட. அவர் கையில் ஒரு நோட்டு கொடுங்கள். எந்த வாளியில் எத்தனை விழுந்தது, அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எழுதட்டும். நீண்ட மூக்கின் மேல்பக்கம் மயிர்க்கற்றை இருந்தால் ஆண், வழவழப்பாக இருந்தால் பெண், கண்ணாலேயே பார்க்கலாம். எந்தத் திசை வாளியில் அதிகம் விழுகிறதோ, அந்தத் திசையில் எங்கோ ஒரு மரம் புழுவைச் சுமந்துகொண்டு நிற்க வாய்ப்பு அதிகம். அதைத் தேடிப் போங்கள்.

கடைசியாக, சிங்கப்பூரிலும் துபாயிலும் சென்னையிலும் இருந்துகொண்டு இங்கே தோப்பு வைத்திருக்கும் தம்பிமார்களுக்கு. உங்கள் தோப்பைத்தான் ஊரில் எல்லோரும் கைகாட்டுகிறார்கள். குத்தகைக்காரர் காயை மட்டும் பார்க்கிறார், பட்ட மரத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் வந்து வாளி கழுவ வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்துத் தோப்பு அண்ணனுக்கு ஒரு போன் போட்டு இரண்டு விஷயத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள்: உங்கள் வரப்பில் அவர் ஒரு வாளி வைத்துக்கொள்ளலாம், கொண்டை சாய்ந்த மரத்தை உங்களைக் கேட்காமலே வெட்டி எரிக்கலாம். குத்தகைக்காரரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள், பிறகு சண்டை வரக்கூடாது.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தோப்புக்காரன்